ஏழு பிள்ளைகள் உட்கார்ந்த சீட்

மார்ச் 3, திங்கள்

நீயே சொல்லு சாமி, ஏழு பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்த சீட்டில் எட்டாவதாக ஒரு பிள்ளை உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? காலையிலிருந்து வாய் ஓயாமல் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் நோட்டை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். எட்டாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

சீட் என்றால் கார் சீட். பிள்ளையை உட்காரவைத்து, வாரால் கட்டி, காரின் பின்பக்கம் மாட்டுவது. உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். நம் சுண்டு, என் அண்ணன் மகனின் பிள்ளை, ஐந்து வாரம் முந்திக்கொண்டு பிறந்தவள். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் சுண்டு. அவளை வீட்டுக்கு எடுத்து வர ஆஸ்பத்திரியில் ஒரு சீட் இரவல் கொடுத்தார்கள். இந்த மாதக் கடைசியில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் அண்ணன் மகனும் மருமகளும் புதிதாக வாங்குவதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்தான், எதற்குப் புதிது, எங்கள் பிரார்த்தனைக் கூட்டத்துச் சீட் இருக்கிறதே என்று வாயைக் கொடுத்தேன்.

அது எங்கள் கூட்டத்தில் வீடு வீடாகப் போகிற சீட். முதலில் தையல்காரம்மா வீட்டில் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை வளர்ந்ததும், அடியில் பிள்ளையின் செல்லப்பெயரை மார்க்கர் பேனாவால் எழுதி, அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். முதல் பெயர் 'அக்கா'. அப்புறம் சிட்டு, புஜ்ஜி, மொட்டை, ராசா, கண்ணு, அப்பு. ஏழும் இன்றைக்குக் குத்துக்கல்லாட்டம் இருக்கின்றன.

அதோடு அது ராசியான சீட். தையல்காரம்மாவின் காரைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீதானே காப்பாற்றினாய். கார் காகிதம் மாதிரி கசங்கிப்போனது. நான் ஆஸ்பத்திரிக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடினால், அவள் வராந்தா பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரிக்கிறாள். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அப்படிப்பட்ட சீட்.

நேற்று அதை வாங்கி வந்து வாளியில் வெந்நீர் விட்டு, துணி, வார் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். அழுக்குப் பிடித்த ஸ்டிக்கர் ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் தொட்டுச் சுரண்டி எடுத்துவிட்டேன். பால்கனியில் வெள்ளை வெளேரென்று காய்கிறது. என் முதுகுதான் ஒடிந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

சுண்டுவுக்கு நாலு மாதம். எடை ஏறியிருக்கிறது, உனக்கு நன்றி. முழங்கால் பற்றி இன்றைக்கு எழுதவில்லை, எழுதி என்ன ஆகப்போகிறது.

மார்ச் 6, வியாழன்

சீட்டை உள்ளே கொண்டுவந்து வைத்தேன். மருமகள் வேலையிலிருந்து வந்து கைகூடக் கழுவவில்லை, அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்கிறாள். அவள் மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்பவள். எதை எடுத்தாலும் தேதி பார்க்கிற புத்தி.

"இதுல ஒரு ஸ்டிக்கர் இருந்திருக்கணுமே அத்தை. எப்ப செஞ்சது, எதுவரைக்கும் பயன்படுத்தலாம்னு தேதி போட்டிருக்கும்."

அழுக்காக இருந்தது, சுரண்டிவிட்டேன் என்றேன். அவள் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். 

"இது என்ன இருமல் மருந்தாம்மா, கெட்டுப்போறதுக்கு?" என்றேன். அண்ணன் மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து காய்ந்து உள்ளுக்குள் விரிசல் விடும், வாரை ஊறவைத்துத் தேய்த்தால் நூலின் பலம் போய்விடும், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றாள். யார் பிள்ளை உட்கார்ந்து கழித்ததோ, நான் சுத்தம் செய்தது தப்பாம். முப்பது வருஷம் இந்தக் கையால் துவைத்துக் குடும்பத்தை வளர்த்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு சமாதானம். தீயணைப்பு நிலையத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தை சீட்டுகளைப் பார்த்துச் சரி செய்து தருகிறார்களாம். அங்கே காட்டிவிட்டு முடிவு செய்வது. சரி, காட்டட்டும். காட்டினால் என் பக்கம்தான் ஜெயிக்கும்.

மார்ச் 7, வெள்ளி

பிரார்த்தனைக் கூட்டம். எட்டாவது பெயர் எழுதப்போகிறோம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். தையல்காரம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவளுடைய பெண்கள் இரண்டு பேரும் ஒரே துணியில் வெட்டிய சட்டையில் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சமைக்கிற சமையல்காரம்மா வழக்கம்போல ஒருத்தியை இன்னொருத்தி என்று நினைத்துக் கூப்பிட்டுத் திட்டு வாங்கினாள். அவள் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். "உங்க பேத்திக்கு அப்புறம் எங்க வீட்டுக்குத்தானே?" என்று துண்டு போட்டு வைத்துக்கொண்டாள். அதற்குள் சுண்டு வளர்ந்து சீட்டை விட்டு இறங்கிவிடுவாளா என்றேன். கேட்டால்தானே.

சுண்டுவை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

எப்படி எழுதுவது.

மத்தியானம் இரண்டு பேரும் கடைக்குப் போயிருந்தார்கள். சுண்டு அழுகை. தோளில் போட்டு நடந்து நடந்து என் கால் விட்டுப்போனது. கூட்டத்துச் சீட்டில் உட்காரவைத்துப் பழக்கினால் என்ன என்று தோன்றியது. முதுகு வலிக்குமே என்று என் பழைய சேலையை நாலாக மடித்துப் பின்னால் வைத்தேன். குளிரப்போகிறதே என்று தடிமனான ஸ்வெட்டர் போட்டேன். உன் படம் வைத்துத் தைத்த சின்னப் பொட்டலத்தையும் அடியில் செருகினேன். வாரை இறுக்கவில்லை, சும்மா மேலே போட்டேன், பாவம் பிள்ளை என்று. சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஆட்டினேன். தூங்கிவிட்டாள். நானும் பக்கத்து நாற்காலியில் கண் அசந்துவிட்டேன்.

மருமகள் செருப்போடு ஓடிவந்த சத்தத்தில்தான் விழித்தேன். சுண்டுவை அள்ளித் தூக்கிவிட்டாள். பிள்ளையின் தாடை நெஞ்சில் பதிந்து, கழுத்து மடங்கி உட்கார்ந்திருந்ததாம். தூக்கியதும் நன்றாகத்தான் அழுதாள், உன் புண்ணியம்.

"தலை இப்படி முன்னால மடங்கினா மூச்சு அடைக்கும் அத்தை. சத்தமே வராது." அவள் குரலும் அப்படித்தான் இருந்தது, சத்தமே வராமல். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கார் சீட் காரில் போகத்தான், வீட்டில் தூங்கவைக்க இல்லை என்றாள். மேசைமேல் வைத்தது வேறு. அதை அவள் சொல்லக்கூட இல்லை.

சமையலறையில் அவர்கள் பேசியது கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, காது இருக்கிற இடத்தில்தானே நானும் இருக்கிறேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி அவளுக்கு முழுநேர வேலை ஆரம்பிக்கிறது. பகல் முழுக்கச் சுண்டு என்னிடம் என்றுதான் பேச்சு. "அத்தைக்கு முடியலைங்க. காப்பகத்துல கேட்டுப் பார்க்கலாமா?" என்கிறாள். அவன், "அவங்க மனசு கஷ்டப்படும்" என்கிறான். முடியும் என்று அவனும் சொல்லவில்லை பார்.

ஃபிரிட்ஜ் கதவில் காப்பகத்து விண்ணப்பம் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

தீயணைப்பு நிலையம். பெரிய சிவப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆண் பிள்ளைகள் யாராவது வருவார்கள் என்று பார்த்தால், நீலச் சட்டை போட்ட ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். முழங்காலில் துணிப்பட்டை கட்டிக்கொண்டு காருக்குள் ஏறி இறங்குகிறாள். எனக்கு முதலில் அந்தப் பட்டை மேல்தான் கண் போனது.

சுண்டு ஆஸ்பத்திரிச் சீட்டில் வந்தாள். அதை வைத்தே அந்தப் பெண் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். எத்தனை மாதம் என்றேன், மாதமா, சீட்டில் போட்டிருக்கிற உயரமும் எடையும் தாண்டுகிறவரை வருஷக்கணக்கில் அப்படியே இருக்கட்டும் என்றாள். காலை மடக்கிக்கொண்டு கஷ்டப்படுமே என்றேன். "கால் மடங்கினா வலிக்காதும்மா. கழுத்துதான் இன்னும் பிஞ்சு." முன் இருக்கையில் என் பக்கத்தில் மாட்டினால் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாமே என்றும் கேட்டுவைத்தேன். அங்கே இடித்தால் காற்றுப்பை வெடித்துக்கொண்டு வரும், அதுவே பிள்ளையை நசுக்கிவிடும் என்றாள். வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான்.

வாரை இறுக்கி, சுண்டுவின் தோள் எலும்பு மேல் இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினாள். வாரைக் கிள்ளி எடுக்க முடிந்தால் அது தளர்வு. என்னையும் செய்யச் சொன்னாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. "இதுதான் சரி. மார்புக் கிளிப் அக்குள் உயரத்துக்கு. ஸ்வெட்டர் வேண்டாம், கட்டினதுக்கு மேல போர்வை போத்துங்க." அந்தச் சேலையையும் ஸ்வெட்டரையும் பற்றி மருமகள் இங்கே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. அது எனக்குச் சொன்னதைவிட அதிகமாகச் சுட்டது.

அப்புறம் நம் சீட்டை எடுத்துவந்தாள். கவிழ்த்தாள், பெயர்களைப் படித்தாள், சிரித்தாள். ஸ்டிக்கர் இல்லை என்பதைப் பார்த்தாள். வாரை விரலில் உருட்டிப் பார்த்தாள். "இது எப்பவாவது விபத்துல மாட்டியிருக்கா, தெரியுமா?"

சாமி, நான் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா. "மாட்டாமலா? லாரி வந்து இடிச்சுது. கார் இருந்த இடம் தெரியல. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்ல. அதனாலதான் எல்லாரும் இதைக் கேட்டு வாங்குறோம்."

ராசிக்கு அத்தாட்சி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். அந்தப் பெண் கையிலிருந்த டார்ச்சைக் கீழே வைத்துவிட்டாள். மருமகள் என்னைப் பார்க்கவில்லை, சுண்டுவைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ஆறு."

"ஆறும் நல்லாயிருக்குன்னா சந்தோஷம். மறுபடி எதுவும் வந்து மோதல, அவ்வளவுதான். இந்தச் சீட் தன் வேலையைச் செஞ்சு முடிச்சிருச்சு. ஒரு தடவைதான் செய்யும்."

வாரை வெட்டித்தான் போட வேண்டும், அப்படியே வெளியே வைத்தால் யாராவது நல்ல சீட் என்று எடுத்துப்போவார்கள் என்றாள்.  

மார்ச் 12, புதன்

அண்ணன் மகன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். காலையில் டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டே சொன்னான்: "ஒரு தடவை பெரிய இழுப்பு வாங்கின கயிறு இருக்கே அத்தை, பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும். நாங்க மாத்திடுவோம். அறுந்தப்புறம்தான் தெரியும்னா, அப்ப உள்ள ஆள் இருக்குமே." நான் வளர்த்த பிள்ளை எனக்குப் பாடம் சொல்கிறான். வலிக்காமல் சொன்னான், அது ஒன்று.

உன்னைக் கேட்கிறேன். அப்போது காப்பாற்றியது நீயா, சீட்டா? நீதான் சீட்டாக இருந்தாய் என்றால், இப்போது ஏன் அதில் நீ இல்லை?

படுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

கூட்டத்தில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ? இல்லை, சொல்லத்தான் வேண்டும். தையல்காரம்மாவின் முகம் இருண்டுவிட்டது.

"என் பிள்ளையைக் காப்பாத்தின சீட்டைக் குப்பைங்கிறீங்க. இத்தனை வீட்டுப் பிள்ளைங்களையும் நான் ஆபத்துல உட்கார வச்சேன்னு சொல்றீங்க."

அப்படியில்லை, நானும்தான் தெரியாமல் வாங்கினேன் என்றேன்.  இருபது வருஷப் பழக்கம். என் அண்ணன் போனபோது மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கிச் சமைத்தவள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரம்மாதான், "விடுங்க, உங்க மருமக படிச்சவ, ஆயிரம் சொல்லுவா. எங்களுக்கு அது வேண்டாம். தையல்காரம்மாவே பரண்லேருந்து வேற ஒண்ணு எடுத்துத் தர்றேன்னுட்டாங்க" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது. நம்முடைய சீட் அந்த வீட்டுக்குப் போகாது, ஒரு பாரம் இறங்கியது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை. யாரும் எழுந்திருக்கக் கை கொடுக்கவில்லை, நானே சுவரைப் பிடித்து எழுந்தேன்.

மார்ச் 17, திங்கள்

புதுச் சீட் வந்துவிட்டது. கூடவே ஒரு தடிப் புத்தகம். தமிழிலும் சில பக்கங்கள் இருக்கின்றன. யாரும் சொல்லாமல் நானே எடுத்துக்கொண்டேன். உன் பாட்டுப் புத்தகத்தைப் படிக்கிற மாதிரி விரல் வைத்து, வாய்விட்டு, ஒவ்வொரு வரியாக. சுண்டு கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள், கட்டிலில்தான், மல்லாந்துதான், எழுதி வைத்துக்கொள்.

சாயங்காலம் அண்ணன் மகன் காரில் மாட்டினான். பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இரண்டு விரல்கடை நகர்ந்தது. கழற்று என்றேன். மறுபடி மாட்டினான். மறுபடி ஆட்டினேன். சீட்டுக்குள் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழு, இருபத்திரண்டாம் பக்கம் என்றேன். மூன்றாவது தடவை அசையவில்லை.

"எங்க ஆபீஸ்ல இன்ஸ்பெக்டர் வேலை காலியா இருக்கு அத்தை, சேர்ந்துடுறீங்களா?" வேர்த்துக் கொட்டுகிறது அவனுக்கு. அடியில் கோணம் காட்டுகிற கோடு நேராக இருக்கிறதா பார் என்றேன். தலையைச் சாய்வாக வைத்துத் தாங்குவது அதுதான். அந்தக் கோட்டைத்தான் அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எடை பார்க்கக் கிளம்பும்போது மருமகள் சாவியைத் தேடிக்கொண்டே, "சுண்டுவை நீங்களே கட்டி விடுங்க அத்தை" என்றாள். கட்டினேன். கிள்ளிப் பார்த்தேன். அவள் திரும்பிச் சரிபார்க்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் இப்போது இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

பழைய சீட்டை இன்றைக்கு முடித்தேன். துணி வெட்டுகிற கத்தரிக்கோல். கவிழ்த்து, பெயர்களை ஒருதரம் படித்தேன். அக்கா, சிட்டு, புஜ்ஜி, மொட்டை, ராசா, கண்ணு, அப்பு. உன்னை நினைத்துக்கொண்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். பிளாஸ்டிக்கைக் கும்பிடுகிறாளே என்று நீ சிரித்திருப்பாய். சிரி. வார் லேசில் அறுபடவில்லை. இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே என்று மறுபடி ஒரு சபலம். அவன் சொன்ன கயிறு நினைவுக்கு வந்தது. வெட்டிவிட்டேன். மேலே 'விபத்தில் இருந்தது, எடுக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதி வைத்தேன். கை விரலெல்லாம் கன்றிவிட்டது.

தையல்காரம்மாவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

கூட்டத்துக்குப் போகவில்லை. போக மனசும் இல்லை, காலும் இல்லை. வீட்டிலேயே உன் முன்னால் உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்குச் சமையல்காரம்மா அவளாகவே போன் செய்தாள். மகளுக்கு நேற்றுக் காலையில் சுகப்பிரசவம், ஆண் பிள்ளை. பழசையெல்லாம் மறந்துவிட்டு என்னிடம்தான் முதலில் சொல்கிறாளாம். நாளைக் காலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். தையல்காரம்மா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த சீட்டைக் கழுவிக் காயவைத்து மாப்பிள்ளை காரில் மாட்டியும் ஆயிற்றாம். "சும்மா மாட்டிடாதீங்க, ஆட்டிப் பாருங்க, வாரைக் கிள்ளிப் பாருங்க" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "சரிங்க இன்ஸ்பெக்டர்" என்கிறாள். அந்தப் பெயர் அங்கேயும் போய்விட்டது, அண்ணன் மகன் வேலை. சிரித்தோம். இரண்டு வாரத்தில் இன்றைக்குத்தான் சிரித்தேன்.

உனக்கு நன்றி சாமி. அந்தப் பிள்ளைக்கும், சுண்டுவுக்கும், ஏழு பேருக்கும் ஆயுசைக் கொடு. தையல்காரம்மாவின் மனசையும் கொஞ்சம் இளக்கு. எனக்கு அவள் மேல் கோபமில்லை. கண்ணை மூடினால் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாதிரிதான் தெரிகிறாள். அழுதுகொண்டே சிரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கை நடுங்கியது, பிள்ளையைக் கீழே விட்டுவிடப் போகிறேன் என்று அவள்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்—

பிள்ளை அவள் மடியில்தானே இருந்தது?

அவள் மடியில் இருந்தது அக்கா. என் மடியில் இருந்தது தங்கச்சி. இரட்டைப் பிள்ளைகள். அந்தக் காரில் அன்றைக்கு இரண்டு சீட் இருந்தது. ஒன்றைத்தான் நான் வெட்டியிருக்கிறேன்.